மாத்திரையை நிறுத்தச் சொன்ன நாள்

ஊரே முகக்கவசத்தைக் கழற்றி எறிந்த பிறகும் என் மகன் கழற்றவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் டியூஷனுக்கும் மட்டுமல்ல, தெருமுனைக் கடையில் பால் வாங்கப் போனாலும் அந்த நீலத் துணி மூக்குக்கு மேல் ஏறியிருக்கும். சாப்பாட்டுத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவான். அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தான். கொரோனா பயம் இன்னும் போகவில்லை போலிருக்கிறது, நல்ல பழக்கம்தானே என்று பெருமைகூடப் பட்டேன். இத்தனைக்கும் ஆரணியில் ஒரு பட்டுக் கடையில், நெசவாளர்கள் கொண்டுவருகிற புடவையைப் பிரித்துப் பார்த்து வாங்குவதுதான் எனக்கு வேலை. மிளகளவு கறை இருந்தாலும் கண்ணில் பட்டுவிடும்.

அந்த வருடம் பெரணமல்லூரில் என் மனைவி வீட்டு வழியில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்தால் முகக்கவசத்தைக் கழற்றித்தானே ஆக வேண்டும். கழற்றினான். இரண்டு கன்னத்திலும் தாடையோரத்திலும் பருக்கள் சிவந்து தடித்துக் கிடந்தன. சிலது சீழ் வைத்திருந்தது. எதிர் வரிசையில் அவனுடைய தாய்மாமன். கிண்டலுக்கு அவருக்கு உரிமை உண்டு, அதை அவர் எங்கேயும் விட்டுக்கொடுத்ததில்லை.

"இன்னாடா மாப்ள, மூஞ்சி பூரா புட்டா போட்டுகினு வந்துக்கீற? ஜரிகை புட்டாவா, வெறும் புட்டாவா?"

புடவை உடம்பெங்கும் இறைத்தாற்போல் நெய்கிற சின்னப் பூக்களுக்கு எங்கள் ஊரில் புட்டா என்று பெயர். பந்தி முழுக்க நெசவுக்காரர்கள். ஒருவர் விடாமல் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவனும் சிரித்தான். பாயசம் வருவதற்கு முன்பே இலையை மூடிவிட்டு எழுந்து போய்விட்டான்.

வயதுப் பிள்ளைக்கு வருவதுதான், மீசை முளைத்தால் போய்விடும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மனைவி வேப்பிலை அரைத்தாள், மஞ்சள் குழைத்தாள், முல்தானி மட்டி வாங்கி வந்தாள், வீட்டில் வடை சுடுவதை நிறுத்தினாள். எதுவும் கேட்கவில்லை. கடைசியில் நானே மெடிக்கலில் கேட்டு ஒரு ட்யூப் வாங்கிக் கொடுத்தேன். பத்தே நாளில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. இவ்வளவு சின்ன விஷயத்துக்கா இத்தனை பாடு என்று வீட்டில் எல்லோரையும் கேலி செய்தேன்.

ட்யூப் தீர்ந்தது. போடாமல் விட்டதும் முன்னைவிட மோசமாகக் கிளம்பியது. மறுபடி வாங்கினோம், மறுபடி அடங்கியது, மறுபடி கிளம்பியது. போகப் போக முகத்தோல் மெலிந்து, வெயில் பட்டாலே எரிகிறது என்றான். பரு கட்டி கட்டியாக உள்ளே உருண்டு நின்றது. முதுகிலும் வந்தது. ஒருநாள் துணி துவைத்துக்கொண்டிருந்த என் மனைவி, அவனுடைய தலையணை உறையைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்துக் காட்டினாள். ரத்தமும் சீழுமாகத் திட்டுத் திட்டாக இருந்தது.

"புடவையிலேயே பாத்துகினு இருங்க. இதப் பாக்காதீங்க" என்று அழுதாள். அடுத்த வாரம் வேலூருக்கு, தோல் டாக்டரிடம் போனோம்.

அந்த அம்மா ட்யூபை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இதை யார் எழுதிக் கொடுத்தது?"

"மெடிக்கல்ல கேட்டு வாங்கினதுங்க."

"ஸ்டீராய்டு சார் இது. பருவுக்குப் போடவே கூடாது" என்று சொல்லிக் குப்பைக்கூடையில் போட்டார். எனக்கு முகம் செத்துவிட்டது. முதலில் சில மாதம் வேறு மாத்திரையும் களிம்பும் கொடுத்துப் பார்த்தார். குறைவது போலக் குறைந்து திரும்ப வந்தது. பிறகு ஒருநாள் அவன் கன்னத்தை விளக்கில் திருப்பிப் பார்த்துவிட்டு, "பள்ளம் விழ ஆரம்பிச்சிருக்கு, இனிமேல் தள்ளிப்போட முடியாது" என்றார். ரத்தம் எடுத்துச் சோதித்த பிறகு வீரியமான மாத்திரை ஒன்றை எழுதினார். உதடு வெடிக்கும், முதல் சில வாரம் பரு அதிகமாகக்கூடச் செய்யும், விட்டுவிடக் கூடாது என்றார். அப்புறம் எங்களை விட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பினார்.

"சில பேருக்கு இதுல மனசு சோர்ந்து போகும். வேற மாதிரி நினைப்பு ஏதாவது வந்தா உள்ளயே வெச்சுக்காதே, எங்கிட்ட சொல்லணும். இப்போ அப்படி ஏதாவது இருக்கா?"

அவன் எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்தான். இல்லை என்று தலையாட்டினான்.

வீட்டுக்கு வந்து மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்தேன். பொடி எழுத்தில் இங்கிலீஷ். புரியாத சொல்லையெல்லாம் போனில் போட்டுத் தேடினேன். தேடியிருக்கக் கூடாது. எந்த ஊரிலோ, எவர் வீட்டுப் பிள்ளையோ இதே மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது செய்துகொண்டதைப் பற்றி வந்தது. அந்த வார்த்தையை இங்கே எழுதவும் எனக்குக் கை வரவில்லை. தாளை மடித்துப் பீரோவில் துணிக்கு அடியில் ஒளித்துவைத்தேன், மனைவி பார்த்துவிடப் போகிறாள் என்று.

அன்று பிடித்தது பயம். அவன் மொட்டை மாடிக்குப் போனால் கொடியில் துணி காய்ந்துவிட்டதா பார்க்கிற சாக்கில் நானும் ஏறுவேன். குளிக்கப் போய்க் கொஞ்சம் நேரமானால், "டேய், மோட்டார் போடட்டுமா?" என்று கதவைத் தட்டுவேன். "ஏம்பா இப்டி பேஜார் பண்ற?" என்று உள்ளிருந்து குரல் வந்தால்தான் மூச்சு வரும். கடையில் கறைபட்ட புடவையைச் சரி என்று வாங்கிவைத்து முதலாளியிடம் வசை வாங்கினேன். என் மனைவியும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தாள். காய் நறுக்குகிற கத்தியைப் பரணில் கொண்டுபோய் வைக்கிறாள், கேட்டால் எலி என்கிறாள். எலிக்கும் கத்திக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவளும் அதையே படித்திருக்கிறாள் என்பது தெரிந்துவிடும்.

டாக்டர் சொன்னபடியே பரு இன்னும் பொங்கியது. உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. முன்பே குறைவாகப் பேசுகிறவன் இன்னும் குறைவாகப் பேசினான். என்னால் தாங்க முடியவில்லை. ஒரு சாயங்காலம் சமையலறையில் அவளிடம் கொட்டிவிட்டேன்.

"அந்த மாத்திரைய நிறுத்திடலாம். மூஞ்சி எப்டி இருந்தா இன்னா, புள்ள இருந்தா போதும்."

திரும்பினால் வாசற்படியில் தண்ணீர் பாட்டிலோடு அவன் நிற்கிறான். பாட்டிலை நிரப்பிக்கொண்டு உள்ளே போனான். மறுநாள் காலையில் வழக்கம்போலப் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் கிளம்பினான்.

மதியம் கடைக்கு மனைவியிடமிருந்து போன். "ஏங்க, ஸ்கூல்லேர்ந்து மெசேஜ் வந்துக்கீது. இன்னிக்கி அவன் வரவே இல்லையாம்." அவனை அழைத்தேன். சுவிட்ச் ஆஃப். விரித்த புடவையை மடிக்காமல் அப்படியே போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். டியூஷனில் இல்லை. அவன் சிநேகிதன் வீட்டில் இல்லை. பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஆற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் மணல். கமண்டல நாகநதியில் தண்ணீர் இல்லையே என்று அதுவரை ஊரோடு சேர்ந்து புலம்பியவன்தான் நான். அன்று தண்ணீர் இல்லாததற்குக் கையெடுத்துக் கும்பிட்டேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்து எங்கே தேடுவது என்று தெரியவில்லை. பயம் முற்றினால் எனக்குக் கோபம்தான் வரும். டாக்டர் கிளினிக்குக்குப் போன் போட்டு, அவன் பேரைச் சொல்லி, "உங்க மாத்திரையால எம்புள்ளையக் காணோம்" என்று கத்தினேன்.

"சார், கத்தாதீங்க" என்றாள் போனை எடுத்த பெண். "உங்க பையன் இங்கதான் உக்காந்துகினு கீறாரு. போன்ல சார்ஜ் இல்லயாம். நானே உங்களுக்குப் போடலாம்னு நம்பர் தேடிகினு இருந்தேன். காலைல உங்க வீட்டம்மாகூட போன் பண்ணி, மாத்திரைய நிறுத்தலாமான்னு கேட்டாங்களே."

பாலத்தின் மேல் வாய்விட்டு அழுதேன். போகிற வருகிற வண்டியெல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனது. பிறகு வீட்டுக்குப் போய் மனைவியை ஏற்றிக்கொண்டு வேலூருக்கு விரட்டினேன். வழியெல்லாம் என் சட்டையை அவள் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

டாக்டர் எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, "அவனே சொல்லட்டும்" என்றார். அவன் தலை குனிந்தபடி மெதுவாகப் பேசினான்.

"அந்த நெனப்பு மாத்திரையால வரலப்பா. அதுக்கு முன்னாடியே இருந்துது. இப்பதான் கொஞ்சம் கம்மியா கீது. உன்னாண்ட சொன்னா மாத்திரைய நிறுத்திடுவ. அதான் சொல்லல. நிறுத்தாம இருக்க முடியுமான்னு டாக்டராண்ட கேக்க வந்தேன்."

என் மனைவி அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "எப்பலேர்ந்துடா?" என்று மட்டும் கேட்டேன்.

"பெரணமல்லூர் கல்யாணத்துக்கு அப்புறம்."

டாக்டர் மாத்திரையை நிறுத்தவில்லை. அளவைக் குறைத்து, அடிக்கடி வரச் சொன்னார். தனக்குத் தெரிந்த மனநல மருத்துவரிடம் அவரே பேசி, அன்று சாயங்காலமே எங்களை அனுப்பிவைத்தார். ஒரு வருடத்துக்கு மேல் அங்கேயும் போய்வந்தோம். முதலில் அவன் தனியாகப் பேசினான். பிறகு நாங்களும் பேசினோம். பரு அடங்குவதற்குள் அவன் பேச ஆரம்பித்துவிட்டான். எந்த மருந்து எதைக் குணமாக்கியது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

இப்போது கல்லூரியில் படிக்கிறான். கன்னத்தில் சில பள்ளங்கள் மட்டும் மிச்சம். மாதத்துக்கு ஒருமுறை, "இப்ப எப்டி கீது மனசு?" என்று நேராகவே கேட்டுவிடுகிறேன். அவனும் சில நாள் நன்றாக இருக்கிறது என்பான், சில நாள் சரியில்லை என்பான். அவன் போன் எடுக்காவிட்டால் இன்னும் எனக்குப் பயம் வந்துவிடுகிறது. அந்தப் பயத்தோடு இருந்துவிடலாம். ஆனால் கல்யாணத்துக்கும் அந்த மாத்திரை வாங்கியதற்கும் நடுவில் ஒரு வருடத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. அடுத்த அறையில் அவன் விழித்துக்கொண்டு கிடந்திருக்கிறான். நான் ஒருநாள்கூடப் பயப்படவில்லை. அப்போதெல்லாம் படுத்தவுடன் தூங்கிவிடுவேன்.