ஏசியின் வெளிப்பாதி

எங்கள் வீட்டுக்கு ஏசி வந்தது என் கால்களுக்காக. அச்சுவேலிக்குப் பக்கத்தில், எங்கள் ஒழுங்கைக்குள் அந்தப் பெட்டிகளை இறக்கிய நாளில், வெளிநாட்டில் இருந்து யாரோ காசு அனுப்பிவிட்டார்கள் என்றுதான் அயலில் நினைத்தார்கள். நாங்களும் போய் ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்லவில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தவள். ஒருநாள் கரும்பலகையில் எழுதிக்கொண்டு நிற்கையில் வலது கால் மரத்துப்போனது. வேறு யாருடைய காலிலோ நிற்பதுபோல் இருந்தது. பிறகு ஒரு கண்ணில் பார்வை மங்கியது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் மாறி மாறிக் காட்டியதில், நரம்புகளைச் சுற்றியிருக்கும் உறை பழுதாகிற வருத்தம் என்று கண்டுபிடித்தார்கள். முற்றாக மாறாது, மருந்தால் மெதுவாக்கலாம் என்றார்கள். எழும்பி வரும்போது யாழ்ப்பாண வைத்தியர் இன்னொன்றும் சொன்னார்.

"உடம்பைச் சூடாக விடாதேங்கோ. வெக்கை ஏறினால் கால் கை சோர்ந்துபோகும். குளிர்ந்தால் திரும்பி வரும். பயப்பிடத் தேவையில்லை, ஆனால் கவனமாக இருக்கவேணும்."

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு உடம்பைச் சூடாக விடாமல் இருப்பது எப்படி என்று நான் கேட்கவில்லை. அவரும் இங்கே இருப்பவர்தான்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். என் கணவருக்குச் சாவகச்சேரியில் ஒரு அலுவலகத்தில் வேலை. விடியப் புறப்பட்டால் பொழுதுபட்டுத்தான் வருவார். பகல் முழுக்க நானும் அவருடைய தாயாரும்தான். மாமிக்கு ஏசி பிடிக்கவில்லை. "உந்தக் குளிர் எலும்புக்கை போய் இருந்திடும் பிள்ளை. வருத்தக்காரிக்கு ஆரும் குளிரைக் குடுப்பினமோ?" என்று அது வந்த முதல் நாளே சொன்னார். அதற்குப் பிறகு என் அறைக்குள் அவர் வருவதில்லை. தேத்தண்ணி கொண்டுவந்தால் கதவை ஒரு கை அளவு திறந்து, வாசல் நிலைக்கு வெளியே நின்றுகொண்டு நீட்டுவார்.

வேலையை விட்டபிறகு எனக்கு வீட்டில் செய்ய ஒன்றும் மிஞ்சவில்லை. அடுப்படியில் நிற்க முடியாது. முற்றம் கூட்ட முடியாது. படுத்திருந்தபடி அந்த இயந்திரத்தோடு வந்த சிறு புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அதில் இருந்த ஒரு வேலை, நிற்காமல் இருந்துகொண்டே செய்யக்கூடிய வேலை. பில்டர் கழுவுவது. கணவர் போகும் முன் மூடியைத் திறந்து அந்த வலைகளைக் கழற்றித் தருவார். நான் குளியலறையில் முக்காலி போட்டு இருந்து, குழாய்த் தண்ணியில் கழுவுவேன். எங்கள் பக்கம் செம்மண். சுற்றிவர வெங்காயத் தோட்டங்கள். உழவு நடக்கிற நாட்களில் வலையில் செங்கல் நிறத்தில் ஒரு படை படிந்திருக்கும். கழுவிய தண்ணி சிவப்பாக ஓடும். வெயிலில் வைக்காமல் நிழலில் காயவிட்டுத் திரும்பப் பூட்டினால், அன்று பின்னேரம் குளிரில் வித்தியாசம் தெரியும். என்னாலும் ஒன்று நடக்கிறது என்று அப்போது தோன்றும். அந்தக் காலத்தில் அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

தண்ணி வழியும் குழாய் அடைத்தால் சுவர் நனையும் என்பதையும், வோல்ற்றேஜ் ஏறி இறங்குகிற ஊரில் அதற்கு ஒரு பாதுகாப்புப் பெட்டி வேண்டும் என்பதையும், இருபத்தாறில் வைத்து ஃபானையும் மெல்லமாகப் போட்டுவிட்டால் போதும் என்பதையும் அப்படித்தான் படித்துக்கொண்டேன். ஆனால் நான் படித்ததெல்லாம் அறைக்குள் இருந்த பாதியைப் பற்றி. மற்றப் பாதி பின்வளவில், சுவருக்கு வெளியே நிலத்தில் ஒரு சீமெந்துக் கட்டின்மேல் இருந்தது. அங்கே போய்ப் பார்க்க எனக்குக் கால் இல்லை.

பங்குனியில் அறைக்குள் குளிர் குறையத் தொடங்கியது. முதலில் மத்தியானத்தில் மட்டும். பிறகு காலையிலும். பில்டரைக் கழுவிப் பார்த்தேன், மாற்றம் இல்லை. ஏசி திருத்துகிற தம்பிக்கு போன் எடுத்தேன். சாவகச்சேரிப் பக்கத்துப் பிள்ளை. வெயில் காலத்தில் அவரைப் பிடிப்பதே பெரும்பாடு.

"காஸ் குறைஞ்சிருக்கும் அக்கா. இப்ப எல்லா இடத்திலையும் வேலையாக் கிடக்கு. சித்திரை வருசப்பிறப்பு முடிய வாறன்."

"அதுவரைக்கும் ஓடுமோ தம்பி?"

"ஓடும் அக்கா, ஓடும்."

ஓடவில்லை. வருசப் பிறப்புக்கு இன்னும் சில நாட்கள் இருக்க, ஒரு மத்தியானம் வெளியே ஓடிக்கொண்டிருந்த இரைச்சல் சட்டென்று நின்றது. உள்ளே காற்று மட்டும் வந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் வெக்கைக் காற்றானது. யன்னலைத் திறக்க எழும்பினேன். முழங்கால் மடிந்துவிட்டது. கட்டில் விளிம்பைப் பிடித்தபடி நிலத்தில் இருந்துவிட்டேன். கண்ணுக்கு முன்னால் அலுமாரி இரண்டாகத் தெரிந்தது. கூப்பிட்டேன். நாக்கும் தடித்திருந்ததால் என் குரல் எனக்கே விளங்கவில்லை.

மாமி கதவைத் திறந்தார். நிலைக்கு வெளியே நிற்கவில்லை. உள்ளே வந்து என் தலையைத் தொட்டுப் பார்த்தார்.

"என்னடி பிள்ளை, நெருப்பாக் கிடக்கு."

"குளிர் வரேல்லை மாமி. நிண்டுபோச்சு."

அவர் வெளியே போனார். வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடுவது கேட்டது. இருவரும் ஒரு பிளாஸ்டிக் கதிரையோடு வந்தார்கள். என்னைத் தூக்கி அதில் இருத்தி, கதிரையோடு தூக்கிக்கொண்டு, குசினி வழியாகப் பின்வளவுக்குக் கொண்டுபோனார்கள். மாமிக்கு எழுபதைத் தாண்டிய வயது. வழியில் இரண்டு தரம் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்.

கிணற்றடியில் மாமரத்து நிழலில் கதிரையை வைத்து, மாமி வாளியால் அள்ளி என் தலையில் ஊற்றத் தொடங்கினார். உடுத்த உடுப்போடுதான். எங்கள் கிணற்றுத் தண்ணி எந்த வெயிலுக்கும் குளிர்ந்தே இருக்கும். முதல் வாளிக்கு மூச்சு அடைத்தது. பிறகு உடம்பு அதைக் குடிக்கிற மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா நனைத்த துவாயைக் கழுத்தில் சுற்றினார். கப்பியின் சத்தமும் தண்ணி விழுகிற சத்தமும்தான். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கால் பெருவிரலை அசைத்துப் பார்த்தேன். அசைந்தது.

"அசையுது மாமி."

"ஓம், கண்டனான்" என்றார். வாளியைக் கீழே வைக்காமல் இன்னும் ஊற்றினார்.

அங்கே நனைந்தபடி இருந்தபோதுதான் வீட்டின் பின்சுவரைப் பல மாதங்களுக்குப் பிறகு பார்த்தேன். ஏசியின் வெளிப்பாதி இருந்த இடத்தில் அது தெரியவில்லை. ஒரு சின்னக் கொட்டில் நின்றது. நாலு பக்கமும் தென்னோலைக் கிடுகு வரிந்து, மேலே தகரம் போட்டு, உடுப்புக் காயப்போடும் கொடியும் அதற்கு முன்னால் கட்டியிருந்தது. வடிவான வேலை. அன்று அதைப் பற்றி யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

மறுநாள் காலை கணவர் லீவு எடுத்துக்கொண்டு நின்றார். அவர் போனில் எடுத்துச் சொன்ன விதத்தில் அந்தத் தம்பி மற்ற வேலைகளை விட்டுவிட்டு மோட்டார்சைக்கிளில் வந்துவிட்டார். நேரே பின்வளவுக்குப் போனார். நான் குசினி வாசலில் கதிரையில் இருந்தேன்.

"இதென்ன அண்ணை, இதை ஆர் அடைச்சது?" என்று கணவரைக் கேட்டார்.

கணவர் பதில் சொல்ல முந்தி மாமி முன்னுக்கு வந்தார். "நான்தான் தம்பி அடைப்பிச்சனான். மாரியிலை நல்லா நனைஞ்சுது. முதல் தறப்பாள் படங்காலை மூடினனான். பிறகு இந்த வெயில். வெயிலுக்கை நிண்டு பழுதாப்போகும் எண்டு ஆளைப் பிடிச்சுக் கட்டுவிச்சனான்."

"அம்மா, அது மூச்செடுக்கிற இடம். அதை அடைச்சால் விடுற சூட்டையே திரும்பவும் இழுக்கும். கொதிச்சுப்போய் தன்ரைபாட்டிலை நிண்டிடும். மழையில நனைஞ்சால் அதுக்கு ஒண்டும் செய்யாது. வெளியில நிக்கத்தான் செய்திருக்கிறாங்கள்."

அவர் கெட்டவர் இல்லை. உண்மையைச் சொன்னார், அவ்வளவுதான். பிறகு என் பக்கம் திரும்பி, "நானும் போனிலையே காஸ் எண்டு சொல்லிப்போட்டன் அக்கா. ஒருக்கா வந்து பார்த்திருக்கவேணும்" என்றார். காஸ் குறையவே இல்லை. கிடுகைப் பிரித்து, செம்மண் அப்பியிருந்த பின்பக்கத் தகடுகளைத் தண்ணியால் கழுவி, போட்டுவிட்டதும் அறை குளிர்ந்தது.

கணவரும் அந்தக் கொட்டிலைப் பலதடவை பார்த்தவர்தான். நிழல் நல்லதென்று அவரும் நினைத்திருக்கிறார். ஆனால் மாமி அதையெல்லாம் கணக்கில் எடுக்கவில்லை. மத்தியானம் சாப்பிடவில்லை. பின்னேரம் நான் சுவரைப் பிடித்துப் பிடித்துக் குசினிக்குப் போனேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஏன் மாமி சாப்பிடேல்லை?"

"என்னாலைதானே நீ விழுந்தனி."

"நீங்கள்தானே தூக்கிக்கொண்டும் போனனீங்கள்."

"அது வேறை." சுளகை மடியில் வைத்துக்கொண்டார். "அது நிண்டால் நீயும் விழுந்திடுவாய் எண்டு எனக்குத் தெரியும். அதுதான் அதைப் பொத்திப் பொத்தி வச்சனான்."

குளிர் கூடாது என்று சொல்லிக்கொண்டு, கதவுக்கு வெளியே நின்று தேத்தண்ணி நீட்டிய மனுசி, இவ்வளவு நாளும் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று அதையே காவல் காத்திருக்கிறார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே இயந்திரத்தின் இரண்டு பாதிகளை, ஒருவருக்கு ஒருவர் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பக்கத்தில் குந்துகிற பலகையை இழுத்துப் போட்டு இருந்தேன். வகுப்பில் சொல்வதுபோல் இல்லாமல், எனக்கு விளங்கிய மாதிரிச் சொன்னேன். அது குளிரை உண்டாக்குவதில்லை. அறைக்குள் இருக்கிற சூட்டை அள்ளிக்கொண்டுபோய் வெளியே கொட்டுகிறது. கொட்ட இடம் இல்லாவிட்டால் அள்ளவும் முடியாது.

மாமி சுளகை மடியில் இருந்து இறக்கி வைத்தார்.

"அப்ப நான் கிணத்தடியில உடுப்புத் தோய்க்கேக்கை முகத்திலை அடிக்கிற வெக்கை உன்ரை அறையில இருந்ததோ?"

"ஓம் மாமி."

"கெதியாக் காயுமெண்டு கொடியையும் அதுக்கு நேரை கட்டினனான்."

அதற்கு நான் சிரித்துவிட்டேன். அவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். பிறகு சோறு போட்டுக் கொடுத்தேன், நின்றபடி இல்லை, பலகையில் இருந்தபடி. அவர் சாப்பிட்டார்.

அந்தக் கிழமையே கொடி மாமரத்துப் பக்கம் போனது. நிழல் வேண்டும் என்று மாமி விடாப்பிடியாக நின்றதால், கணவர் அந்தத் தம்பியைக் கேட்டு, உயரத்தில் ஒரு தகரம் மட்டும் போட்டு நாலு பக்கமும் திறந்துவிட்டார். அதன்பிறகு வெளிப்பாதி மாமியின் பொறுப்பு. சருகு சேர்ந்தால் தும்புத்தடியால் தட்டுவார். பக்கத்தில் நின்ற குரோட்டன் செடியின் கிளைகளை வெட்டிவிட்டார். தகடுகளில் மண் பிடித்தால், சுவிட்சை நிற்பாட்டச் சொல்லிக் குரல் கொடுத்துவிட்டுத் தண்ணி ஊற்றிக் கழுவுவார். உள்ளே பில்டர் என்னுடையது.

என் வருத்தம் மாறிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். மாறவில்லை. இப்போது வீட்டுக்குள்ளும் ஊன்றுகோல் வேண்டும். சில காலைகளில் பேனா பிடிக்க விரல் ஒத்துழைக்காது. ஏசி அதை ஒன்றும் செய்யாது. அது தருவது நாளுக்குச் சில நல்ல மணித்தியாலங்கள். அவற்றை என்ன செய்வது என்பது என்னுடைய வேலை. அது விளங்க எனக்குக் கொஞ்சக் காலம் எடுத்தது.

போன வருசம் கட்டிலை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு, வெள்ளைப் பலகை ஒன்றைச் சுவரில் அடித்தோம். பதினோராம் ஆண்டில் சாதாரணதரப் பரீட்சை எடுக்கிற நாலைந்து பிள்ளைகள் பின்னேரத்தில் கணிதத்துக்கு வருகிறார்கள். நான் கதிரையில் இருந்தபடி படிப்பிக்கிறேன். மாமி வாசல் பக்கம் ஒரு கதிரை போட்டு, போர்வையால் தோளை மூடிக்கொண்டு உள்ளே இருப்பார். குளிர் பற்றிய அபிப்பிராயத்தை அவர் இன்னும் மாற்றவில்லை. பிள்ளைகள் பிந்தி வந்து கதவைத் திறந்தபடி செருப்புக் கழற்றிக்கொண்டு நின்றால் மட்டும், "உள்ளுக்கு வந்து கதவைச் சாத்துங்கோ பிள்ளையள், டீச்சருக்கு வெக்கை கூடாது" என்பார். பிள்ளைகள் சாத்துவார்கள். நான் பலகைப் பக்கம் திரும்பி, விட்ட இடத்தில் இருந்து தொடங்குவேன்.