சைக்கிள் மேல் போட்ட பழி

அந்த வட்டாரத்து அடுக்குமாடிகளில் குடியிருக்கும் யாருக்கும் லிஃப்ட் மெக்கானிக்கின் பெயர் தெரியாது. ஆனால் லிஃப்ட் பாதி வழியில் நின்றுவிட்டால் எல்லோருக்கும் அவருடைய நம்பர் மனப்பாடம். "உள்ள குதிக்காதீங்க, கதவைப் பிடிச்சு இழுக்காதீங்க, இதோ வந்துட்டேன்" என்று போனிலேயே தைரியம் சொல்லிவிட்டு, கருவிப் பையைப் பின்னால் கட்டிக்கொண்டு சைக்கிளில் கிளம்பிவிடுவார். கம்பெனி மோட்டார் சைக்கிள் தருவதாகச் சொன்னபோதும் வேண்டாம் என்றுவிட்டார். கார்களெல்லாம் முக்கி முனகிக்கொண்டு நிற்கிற நேரத்தில், சந்து பொந்தெல்லாம் புகுந்து அவர்தான் முதல் ஆளாகப் போய் நிற்பார். நாள் முழுக்க மொட்டை மாடி மோட்டார் அறையில் கம்பி வடத்தோடும் பிரேக்கோடும் மாரடிக்கிறவருக்கு, மிதித்தால் போகும், மிதிக்காவிட்டால் நிற்கும் என்கிற அந்த ஒரு வண்டியின் மேல் உயிர்.

மனைவி ஆரம்பப் பள்ளி ஆசிரியை. வீட்டிலும் அதே உத்தியோகம்தான். அவரும் மனைவியை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். அதில் பாதி கேலி, பாதி பயம்.

வினை சிறுநீரில் ஆரம்பித்தது. லிஃப்டைச் சரிசெய்யப் போன இடத்தில், என்ன பழுது என்று கேட்பதற்கு முன்னால் பாத்ரூம் எங்கே என்று கேட்க வேண்டிய நிலைமை வந்தது. போய் நின்றாலும் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். வயதானால் எல்லோருக்கும் வருவதுதானே என்று அவர் தள்ளிப்போட்டார். டீச்சர் தள்ளிப்போடுகிற ஆள் இல்லை. கிட்டத்தட்டக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையில் நம்பர் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. அடுத்து ஸ்கேன். அடுத்து, வெளியே சொல்ல முடியாத இடத்தில் ஊசியை விட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். டீச்சரின் தம்பி மட்டும் விடாமல் நச்சரித்து எந்த இடம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அப்புறம் ஒரு வாரம் தானும் நாற்காலியில் நெளிந்து நெளிந்து உட்கார்ந்தான்.

புராஸ்டேட்டில் புற்றுநோய் என்றார் டாக்டர். சிறுநீர்ப்பைக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் இருக்கிற சுரப்பி அது. டீச்சர்தான் கேட்டார்.

"டாக்டர், இவர் கல்யாணத்துக்கு முன்னால இருந்தே சைக்கிள் மிதிக்கிறார். அதனாலதானே வந்திருக்கு?"

"இல்லைம்மா. சைக்கிளால புற்றுநோய் வராது."

வெளியே வந்ததும் டீச்சர் முணுமுணுத்தார். "அவருக்கு என்ன தெரியும்? சீட்டு எங்க அழுத்துது, அந்தச் சுரப்பி எங்க இருக்கு? என் கிளாஸ் பிள்ளைங்களைக் கேட்டாக்கூடச் சொல்லும்."

டீச்சரைக் குறை சொல்லக் கூடாது. யார் மேலாவது கோபப்பட வேண்டும் இல்லையா? கடவுளோடு சண்டை போட்டால் பதில் வராது. சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே, கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தது.

கதிர்வீச்சு சிகிச்சை கொடுத்தார்கள். அது வலிக்காது. ஆனால் தினமும் வயிறு முட்டத் தண்ணீர் குடித்து, சிறுநீரை அடக்கிக்கொண்டு, முறை வருவதற்காகப் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். சிறுநீருக்காகவே ஆஸ்பத்திரிக்கு வந்தவனிடம் சிறுநீரை அடக்கு என்கிறார்களே, இது எந்த ஊர் நியாயம் என்று அவருக்கு ஆத்திரமாக வரும். உள்ளே போய்ப் படுத்தால் அசையக் கூடாது. அத்தனை வருடம் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் அசையாமல் நில்லுங்கள் என்று சொல்லிச் சொல்லி வயிறு வளர்த்தவர், அப்படி இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அங்கேதான் தெரிந்துகொண்டார். தலைக்கு மேலே மெஷின் சுற்றிச் சுற்றி வரும். ஒருநாள் அதை இயக்குகிற பெண்ணிடம், "அம்மா, இதுல பேரிங் தேஞ்சிருக்கு போல, சத்தம் சரியில்லை" என்று அக்கறையாகச் சொன்னார். "சார், அது ஏசி சத்தம்" என்றாள் அவள். அதற்குப் பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை.

சிகிச்சை முடிந்தது. நம்பர் மளமளவென்று இறங்கியது. உடம்பு மட்டும் பழைய உடம்பாக இல்லை. அவசரம் என்று தோன்றினால் அடுத்த நிமிடம் தாங்காது. இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. கம்பெனியில் இரக்கப்பட்டு அவரை ஆபீசில் உட்காரவைத்து, புகார் போன்களை எடுத்துப் பேசச் சொன்னார்கள். "பயப்படாதீங்க, ஆள் வந்துகிட்டே இருக்கு" என்று சொல்வார். போகிற ஆள் அவர் இல்லை.

சில மாதம் கழித்து, மறுபடி சைக்கிள் ஓட்டலாமா என்று டாக்டரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். டாக்டர் தாராளமாகவே சொன்னார். "மெதுவா ஆரம்பிங்க. நடுவுல பள்ளம் விட்ட சீட்டா மாத்திக்கோங்க. ரத்தம் டெஸ்ட் பண்றதுக்கு முன்னால ரெண்டு நாள் மட்டும் ஓட்டாதீங்க. சீட்டு அழுத்தினா நம்பர் ஏறிக் காட்டலாம்."

இவ்வளவு பேச்சில் டீச்சர் காதில் விழுந்தது "ஓட்டாதீங்க" என்ற ஒரு வார்த்தைதான். அன்று மாலையே சைக்கிளுக்குப் பூட்டு விழுந்தது. சாவி கைப்பைக்குள் போய்விட்டது.

"டீச்சர், டாக்டரே சொல்லிட்டாரு."

"டாக்டரா உங்களை ராத்திரியும் பகலும் பார்த்துக்கிட்டாரு? நான் இருக்கற வரைக்கும் அந்த வண்டியில ஏறக் கூடாது. சொல்லிட்டேன்."

சொன்னால் சொன்னதுதான். மூன்று முறை கெஞ்சிப் பார்த்தார், ஒரு முறை கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்தார். பசித்ததுதான் மிச்சம்.

மைத்துனன் இந்த விஷயத்தில் அக்காவின் பக்கம் இல்லை. "மாமா, காலையில வாக்கிங் போறேன்னு சொல்லிட்டு நம்ம வீட்டுக்கு வாங்க. என் சைக்கிள் சும்மாதானே கிடக்கு? நான் பையன் வண்டியை எடுத்துக்கிறேன்" என்றான். பள்ளம் விட்ட சீட்டையும் அவனே தேடி வாங்கி மாட்டிவைத்தான். அக்கா என்றால் அவனுக்கும் நடுக்கம்தான், ஆனாலும் மாமா ஆபீஸ் நாற்காலியில் சுருண்டு உட்கார்ந்திருப்பதை ஒருநாள் பார்த்துவிட்டிருந்தான்.

முதல் நாள் அவர் கால்சட்டைக்குள் பெரியவர்களுக்கான நாப்கின் கட்டிக்கொண்டு போனார். கடைக்கோடி வளைவு வரைக்கும் போவதற்குள் தொடை வெடவெடத்தது. சீட்டு பட்ட இடம் முதலில் எரிந்தது, அப்புறம் மரத்தது. சின்ன மேடுதான், பள்ளிப் பிள்ளைகள் பேசிக்கொண்டே ஏறுகிற மேடு. அதன் நடுவில் நின்றுவிட்டார். நின்ற வேகத்தில் நாப்கினும் நனைந்துவிட்டது.

"திரும்பிடலாம் மாப்ள" என்றார்.

மைத்துனன் கேலிக்காரன். ஆனால் எப்போது வாயை மூட வேண்டும் என்பதும் தெரிந்தவன். இரண்டு சைக்கிளையும் தள்ளிக்கொண்டு பேசாமல் கூட நடந்தான். மெக்கானிக் அன்று வழியெல்லாம் அழுதார். யாராவது பார்த்தால் வேர்வை என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று துடைக்கவும் இல்லை.

மறுநாள் மறுபடியும் போனார். அதற்கு மறுநாளும். மேடு ஒரு வழியாக வசத்துக்கு வந்தது. காற்று முகத்தில் அடிக்கிறபோது, ஆஸ்பத்திரிப் பெஞ்சும் அந்தப் பாழாய்ப்போன நாப்கினும் கொஞ்ச நேரத்துக்காவது மறந்துபோகும். வீட்டுக்கு வந்தால் டீச்சர், "வாக்கிங் போக ஆரம்பிச்சதுல இருந்து முகமே தெளிஞ்சிருக்கு. நான் சொன்னேன்ல?" என்பார். அவர் தலையைக் குனிந்துகொண்டு செருப்பை இல்லாத இடத்தில் தேடுவார்.

அடுத்த ரத்தப் பரிசோதனை நெருங்கியது. இரண்டு நாள் ஓட்டக் கூடாது என்பதை அவர் மறக்கவில்லை. ஆனால் முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, ரோட்டில் ஈ காக்கை இல்லை. நோய் வந்ததிலிருந்து அவர் ஏறியே பார்க்காத பெரிய மேம்பாலம் காலியாகக் கிடந்தது.

"இன்னைக்கு விட்டா அடுத்த ஞாயிறுதான் மாமா. ஒரு நாள் முன்னப்பின்ன இருந்தா ரத்தத்துக்கு என்ன தெரியப்போகுது?" என்றான் மைத்துனன்.

ஏறினார். உச்சியில் நிறுத்தி, ஊரையே விலைக்கு வாங்கியவர் மாதிரி இடுப்பில் கைவைத்து நின்றார். நோய் வந்த பிறகு அவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்ததே இல்லை. அது பொய் இல்லை.

மறுநாள் ரத்தம் எடுக்கிற பெண் கையில் பட்டையைக் கட்டிக்கொண்டே கேட்டாள். "ரெண்டு நாளா சைக்கிள், பைக் எதுவும் ஓட்டலையே?"

திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி ஆகிவிட்டது அவருக்கு. பக்கத்தில் டீச்சர் நின்றுகொண்டிருந்தார்.

"இல்லம்மா."

"சைக்கிள் சாவியே என்கிட்டதான் இருக்கு" என்றார் டீச்சர் பெருமையாக.

முடிவு வந்தபோது டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். நம்பர் ஏறியிருந்தது. கொஞ்சமாக இல்லை. நோய் திரும்ப வருகிறதோ என்று பார்க்க வேண்டும், ஸ்கேன் எடுக்க வேண்டும், ஊசி மருந்து தொடங்க வேண்டியிருக்கலாம் என்று அவர் சொல்லிக்கொண்டே போக, டீச்சரின் முகத்தில் ரத்தம் வற்றிக்கொண்டே வந்தது. அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் மெக்கானிக் வாயைத் திறந்தார்.

"டாக்டர், நான் ஓட்டினேன். முந்தின நாள் மேம்பாலம் வரைக்கும் போனேன். கொஞ்ச நாளாவே ஓட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்."

டாக்டர் மறுபடியும் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே? அப்போ அதனாலயும் இருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது. ஆறு வாரம் சைக்கிளைத் தொடாதீங்க. மறுபடி டெஸ்ட் எடுப்போம். இறங்கிடுச்சுன்னா சைக்கிள்தான் காரணம்."

படி இறங்கும்போதே டீச்சர் ஆரம்பித்துவிட்டார். கூட்டுக் களவாணி யார் என்பதும் நாலே கேள்வியில் தெரிந்துபோனது. தம்பியை வீட்டுக்கு வரவழைத்து, வாசலிலேயே நிறுத்திவைத்துக் கேட்டார். "ஏன்டா, உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா? உன்னை நம்பி இந்த மனுஷனை வாக்கிங் அனுப்பினேன் பாரு!" அவன் பரீட்சையில் தோற்ற பிள்ளை மாதிரி நின்றான். அண்டை வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து வைத்துக் கேட்டார்கள்.

ஆனால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்த ஆறு வாரமும் அந்த வீட்டில் ஒருவிதமான நிம்மதி இருந்தது. டீச்சர் காலையில் எழுந்ததும் திட்டுவார், பள்ளிக்கூடம் போகும்போது ஒரு தவணை, வந்ததும் ஒரு தவணை. "நான் அன்னைக்கே சொன்னேன், எல்லாம் அந்தச் சைக்கிள்தான்னு" என்று சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு தெம்பு. மெக்கானிக்கும் எதிர்த்துப் பேசவில்லை. "ஆமா டீச்சர், சைக்கிள்தான், வேற என்ன?" என்று ஒத்து ஊதினார். உள்ளுக்குள் அவர் வேண்டிக்கொண்டதும் அதுதான். வாழ்நாள் முழுக்கச் சோறு போட்ட வண்டி, அதுவே குற்றவாளியாக இருக்கட்டும். பழியெல்லாம் அதன் தலையில் விழட்டும். இனிமேல் ஏறவே கூடாது என்றாலும் சரி, பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடுகிறேன், நம்பர் மட்டும் இறங்கட்டும். செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லை. ஓட்டாமல் இருப்பது ஒன்றுதான் அவரால் செய்ய முடிந்த வைத்தியம், அதை ஒழுங்காகச் செய்தார்.

மறுபடியும் ரத்தம் கொடுத்தார்கள். மறுபடியும் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தார்கள். நம்பர் இறங்கவில்லை. முன்பைவிட ஏறியிருந்தது.

டாக்டர் நிதானமாகப் பேசினார். ஸ்கேன், ஊசி, மாத்திரை, வழிகள் நிறைய இருக்கின்றன, பயப்பட வேண்டாம் என்றார். மெக்கானிக் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், ஒரு வார்த்தையும் மனதில் நிற்கவில்லை. டீச்சர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அப்போ, சைக்கிளால இல்லையா டாக்டர்?"

"இல்லைம்மா."

வீடு வந்து சேரும் வரைக்கும் டீச்சர் ஒன்றும் பேசவில்லை. ஏதாவது திட்டுவார் என்று அவர் காத்திருந்தார். சாப்பாடு போடும்போது காத்திருந்தார். விளக்கை அணைக்கும்போது காத்திருந்தார். வசவே வரவில்லை.

மறுநாள் காலையில் அவர் எழுந்து வந்து பார்த்தபோது சைக்கிள் தெருவில் நின்றது. டீச்சர் தன் கையால் துடைத்து வைத்திருந்தார். மைத்துனன் குந்தி உட்கார்ந்து சக்கரத்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான். தலை நிமிராமலே அடித்தான். மாமா என்றுகூடக் கூப்பிடவில்லை.

"ஓட்டிட்டு வாங்க" என்றார் டீச்சர்.

எத்தனை மாதம் கெஞ்சி, பட்டினி கிடந்து, திருட்டுத்தனம் செய்து கேட்ட வார்த்தை அது! இப்போது கேட்காமலே கிடைத்துவிட்டது.

"வேணாம் டீச்சர். வெயில் ஏறிடும்."

"இன்னும் விடியவே இல்லை. உங்களுக்குத்தான் ஆசையாச்சே. போயிட்டு வாங்க."

"நீ போகக் கூடாதுன்னு சொன்னியே."

"சொன்னேன். இப்போ போகச் சொல்றேன்."

அவர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மைத்துனன் காற்று அடிப்பதை நிறுத்தியிருந்தான்.

"ஒரு தடவை திட்டேன்" என்றார் மெக்கானிக். "ஒரே ஒரு தடவை. வேணாம்னு சொல்லேன்."

டீச்சர் அவர் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டார்.

"மெதுவா போங்க" என்றார்.