பைக்குள் வெந்த ஆசாரம்

என் கணவர் எங்கள் சமையலறைக்குள் முறைப்படி குடியேறியது அவர் ஓய்வுபெற்ற மூன்றாவது மாதத்தில். அதற்கு முந்தைய இருபத்தாறு வருஷங்களில் அவர் அங்கே வந்ததெல்லாம் தண்ணீர் குடிக்க, அல்லது "இன்னும் ஆகலையா?" என்று கேட்க. அரசாங்க ஆபீசில் கோப்பு புரட்டிய கை வீட்டில் சும்மா இருக்க மறுத்தது. யாரோ ஒரு பழைய நண்பர் அவரை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார். வீட்டில் சமைக்கும் ஆண்களின் குழு.

நானும் ஒருநாள் அவர் போனை வாங்கி அந்தக் குழுவைப் படித்தேன். அதில் 'சமையல்' என்ற சொல்லே இல்லை. டெம்பரேச்சர் இருந்தது, டெக்ஸ்சர் இருந்தது, புரோட்டீன் இருந்தது. பங்சாரில் ஒரு வக்கீல், செராசில் ஒரு எஞ்சினியர். ஐம்பத்தைந்து டிகிரியா, ஐம்பத்தேழு டிகிரியா என்று இரண்டு பேரும் நான்கு நாளாகச் சண்டை போட்டிருந்தார்கள். நாங்கள் சமைத்தால் அது வீட்டு வேலை. இவர்கள் சமைத்தால் அது ஆராய்ச்சி. ஆராய்ச்சி முடிந்த பிறகு பாத்திரம் கழுவுவது யார் என்று அந்தக் குழுவில் ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

பிறகு வீட்டுக்கு ஒரு மெஷின் வந்தது. ஒரு முழ நீளம், கறுப்புக் கம்பி மாதிரி. அதைத் தண்ணீர்ப் பானையில் செருகி வைத்தால், சொன்ன டிகிரியிலேயே தண்ணீரை மணிக்கணக்காகச் சூடாக வைத்திருக்கும். இறைச்சியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை உறிஞ்சி ஒட்டி, அந்தத் தண்ணீரில் மூழ்கடிக்க வேண்டும். இதற்கு சூவீட் என்று ஒரு பிரெஞ்சுப் பெயர். முதலில் கோழியைக் குளிப்பாட்டினார். பிறகு ஆட்டை. இரண்டும் நன்றாகத்தான் இருந்தன, ஒன்றரை மணிக்குச் சாப்பிட வேண்டியதை நாலு மணிக்குச் சாப்பிட்டதால் இன்னும் நன்றாக இருந்தன.

ஒரு வெள்ளிக்கிழமை, விபூதிப் பட்டையோடு, தோசைக்குச் சட்னியைத் தொட்டுக்கொண்டே சொன்னார்: "சண்டே அந்த வக்கீலும் எஞ்சினியரும் லன்ச்சுக்கு வராங்க. பீஃப் ரோஸ்ட் பண்ணப் போறேன்."

நான் தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் கணவர் சிலோன் தமிழர். பிரிக்பீல்ட்ஸில் மூன்று தலைமுறையாக அரசாங்க உத்தியோகம். நான் காப்பார், எஸ்டேட் பக்கம். என் அப்பா லோரி ஓட்டியவர். பெண் பார்க்க வந்தபோது அவருடைய அக்கா, பலகாரத்தைத் தொடாமல், என் அம்மாவிடம் மெல்லிய குரலில் கேட்டார்: "உங்க வீட்ல 'அது' சாப்பிடுவீங்களா?" அந்தக் கேள்வி மாட்டைப் பற்றியது இல்லை என்று எங்கள் அம்மாவுக்குத் தெரியும். எந்தச் சாதி என்று வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் இப்படித்தான் சுற்றி வருவார்கள். அம்மா கண் இமைக்காமல், "சேச்சே, வாசப்படிகூட ஏத்த மாட்டோம்" என்றார். அன்று காலைதான் அடுப்பிலிருந்து அந்தச் சட்டியை இறக்கிப் பின்பக்கம் ஒளித்து வைத்திருந்தோம். கல்யாணத்துக்குப் பிறகு நான் அதைத் தொடவில்லை. யாரும் தடுக்கவில்லை. ஒரு பொய்யைச் சொன்ன பிறகு அதற்கேற்ப வாழ்வது சுலபம்.

அப்பேர்ப்பட்ட வீட்டில்தான் இப்போது பீஃப் ரோஸ்ட்.

"ஏங்க, நீங்க கோயில் கமிட்டி செக்ரட்டரி" என்றேன்.

"தெரியும்."

"எந்தப் பானையில வைப்பீங்க?"

"அந்தப் பெரிய சில்வர் பானையிலதான்."

அது நான் கோயில் அன்னதானத்துக்குச் சாம்பார் வைக்கும் பானை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல விளக்கினார்: "இங்க பாரு மா. கறி பைக்குள்ள இருக்கு. பை தண்ணியில இருக்கு. தண்ணி பானையில இருக்கு. கறி பானையத் தொடவே தொடாது. டெக்னிக்கலி, உன் பான சுத்தம்."

"அப்புறம் வறுக்கணும்னு சொன்னீங்களே?"

"அது வெளிய, கார் போர்ச்ல. கேஸ் டார்ச் வாங்கிட்டேன். வீட்டுக்குள்ள இல்ல லா."

எங்கள் முன்னோர் எத்தனையோ ஆசாரங்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பை ஒன்றுதான் பாக்கியிருந்தது, அதை என் கணவர் கண்டுபிடித்தார். இதையே என் அப்பா மதியம் லோரியை நிறுத்திவிட்டு ரோட்டோர ஒட்டுக்கடையில் சோற்றோடு தின்றபோது அது எஸ்டேட்டுக்காரன் தீனி. பிரெஞ்சுப் பெயர் வைத்துப் பையில் அடைத்ததும் அது கலாசாரம்.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு கிலோ துண்டு ஒன்றை உப்பு, வெண்ணெய், ரோஸ்மேரி இலையோடு பையில் அடைத்தார். ஐம்பத்தேழு டிகிரி, இருபத்து நாலு மணி நேரம். மெஷின் ஒரு கொசு ரீங்காரத்தோடு வேலையை ஆரம்பித்தது. அவர் அதைப் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டார். எட்டுப் பேர் கைதட்டினார்கள்.

ஞாயிறு காலை குளித்து வேட்டி கட்டிக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டார். கமிட்டிக் கூட்டம் வேறு. அவர் அந்தப் பக்கம் தீர்த்தம் வாங்க, அது இந்தப் பக்கம் வெந்நீரில் கிடந்தது. போகும்போது, "மெஷினத் தொடாத. வரப்போ அவங்களயும் கூட்டிட்டு வந்துடறேன்" என்றார்.

நான் தொடவில்லை. ஒன்பதரை மணிக்குக் காப்பி கலக்கப் போனபோது மூக்குதான் முதலில் கண்டுபிடித்தது. பானைத் தண்ணீர் பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறத்தில் இருந்தது. மேலே வெண்ணெய் மிதந்தது. ரோஸ்மேரி இலைகள் வட்டம் போட்டுக்கொண்டிருந்தன. பையின் ஒட்டு ஒரு பக்கம் வாயைப் பிளந்திருந்தது. உள்ளே இறைச்சி சலவைக்குப் போட்ட துணி மாதிரி வெளுத்துப்போய்க் கிடந்தது.

அவருக்கு மூன்று தடவை போன் அடித்தேன். எடுக்கவில்லை.

அந்தப் பானையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்படியே விட்டிருக்கலாம். அவருடைய பை, அவருடைய டெக்னிக்கலி. ஆனால் இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும். மெஷின்மேல் குற்றம் வராது. பையை ஒட்டிய கைமேல் வராது. "என் ஒய்ஃப் ஏதோ பண்ணிட்டா" என்று ஒரு வரி அந்தக் குழுவில் வரும். அதற்கு எட்டுப் பேர் சிரிக்கும் பொம்மை போடுவார்கள். இதை நினைத்ததும் எனக்கு வந்தது அன்பு இல்லை, ஆத்திரம். காப்பாரில் இருக்கும் என் தம்பிக்குப் போன் போட்டேன்.

"தம்பி, மாட்டுக்கறி எப்படிடா வைப்ப?"

"அக்கா, ராங் நம்பரா?"

"வெளையாடாத. உன் மச்சான் வாங்கி வச்சுப் பாதியில கெடுத்துட்டாரு. ஒரு மணிக்கு ஆளுங்க வராங்க."

"மச்சான் வீட்லயா? கறியா? அலாமாக்!" அவன் சிரித்த சிரிப்பு அடங்க ஒரு நிமிஷம் ஆனது. "செரி கேளு. முழுசா போட்டா உன் குக்கர்ல அடங்காது, நாலா வெட்டு. இஞ்சி பூண்டு நல்லா அரைச்சுப் போடு. பட்ட, சோம்பு, மொளகு நெறைய. இனிப்பா இருக்குமே அந்தக் கருப்புக் கிச்சாப் சாஸ், அது ரெண்டு கரண்டி. ஆறு விசில். அப்புறம் தண்ணிய வத்த விட்டுடு."

"வேற எதுவும்?"

"வேற என்ன? பயப்படாத, அது ஒண்ணும் பண்ணாது. அதான் செத்துப் போச்சே."

பெரிய பானை ஏற்கெனவே போய்விட்டது. இனி குக்கருக்கு மட்டும் என்ன சுத்தம் பார்ப்பது? நாலாக வெட்டிப் போட்டு ஆறு விசில் வைத்தேன். பத்தே முக்கால் வாக்கில் மூடியைத் திறந்தபோது வந்த வாசனை என்னை நேராகக் காப்பார் வீட்டுக் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போய்விடும் என்று பயந்தேன். அப்படியெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. பசிதான் எடுத்தது. உப்புப் பார்க்க ஓரத்தில் பிய்த்த ஒரு விள்ளல் போதும். நான் நான்கு சாப்பிட்டேன், நின்றுகொண்டே, கதவைப் பார்த்துக்கொண்டே.

ஒரு மணிக்கு கார் வந்து நின்றது. வக்கீல் லினன் சட்டையில் இறங்கினார். எஞ்சினியர் கையில் சொந்தமாக ஒரு தெர்மாமீட்டர் கொண்டுவந்திருந்தார். கணவரைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, திறந்து கிடந்த பையைக் காட்டினேன். வேட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"கறி எங்க?"

"சமைச்சுட்டேன்."

"நீயா? எதுல?"

"குக்கர்ல."

அவர் குக்கர் மூடியைத் திறந்து பார்த்தார். பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், மெதுவாகக் கேட்டார்: "எத்தன டிகிரி?"

நான்கு துண்டுகளையும் ஒரு பலகையில் ஒட்டினாற்போல் அடுக்கினார். வெட்டிய இடம் தெரியாமல் மிச்சமிருந்த ரோஸ்மேரியை மேலே போர்த்தினார். கார் போர்ச்சுக்குக் கொண்டுபோய், முன்னமே கறுத்துப்போயிருந்த இறைச்சியின்மேல் டார்ச்சைப் பிடித்தார். தீ சீறியது. விருந்தாளிகள் இரண்டு பேரும் போனைத் தூக்கி வீடியோ எடுத்தார்கள்.

மேசையில் நறுக்கி வைத்ததும் வக்கீல் ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடினார். கோர்ட்டில் தீர்ப்புக்குக் காத்திருப்பது போல என் கணவர் நின்றார்.

"இந்த இனிப்பு தெரியுதா?" என்றார் வக்கீல். "இது வெளியில இருந்து வரல. கறிக்குள்ளயே இருக்கற நேச்சுரல் ஸ்வீட்னஸ். அவசரமா வேக வச்சா இது வராது."

அது கிச்சாப்.

"ஆனா பிங்க் இல்லயே" என்று எஞ்சினியர் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது ஐம்பத்தேழு இல்ல. அறுபத்தெட்டு இருக்கும்."

"ஆமா, கடைசியா அறுபத்தெட்டுக்கு மாத்திட்டேன்" என்றார் என் கணவர். என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"குட் டிசிஷன்" என்றார் வக்கீல். "ஐம்பத்தேழுன்னா இந்த நாரெல்லாம் இப்படி விட்டுக் கொடுக்காது. பொறுமைதான் முக்கியம் பாஸ். நம்ம லேடீசுக்கு அந்தப் பொறுமை கெடயாது. போட்டமா, விசில் வந்துச்சா, எறக்குனமான்னு இருப்பாங்க."

நான் சோற்றுப் பாத்திரத்தோடு நின்றிருந்தேன். என் கணவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை மட்டும் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அப்போதுதான் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். என் தம்பி. ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லை, மச்சான் வீட்டில் மாட்டுக்கறி என்ற அதிசயத்தை நேரில் பார்க்காமல் இருக்க முடியவில்லையாம். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்து, எல்லோருக்கும் ஒரு வணக்கம் போட்டுவிட்டு, கையைக் கழுவி உட்கார்ந்தான். ஒரு துண்டை எடுத்து மென்றான்.

"நல்லா வந்திருக்கு கா. ஆனா ஏழு விசில் விட்டுட்ட போல. கொஞ்சம் கொழஞ்சிருக்கு."

"ஆறுதான் வச்சேன்" என்றேன், சத்தமாக.

எஞ்சினியரின் தெர்மாமீட்டர் கறியில் குத்தியபடியே நின்றது. தம்பிக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. "என்ன அங்கிள், சாப்பிடுங்க" என்று வக்கீலின் தட்டில் இன்னொரு துண்டை வைத்தான்.

வக்கீல் தண்ணீர் குடித்தார். தொண்டையைச் செருமினார். "ப்ரெஷர் குக்கரும் ஒரு சயன்ஸ்தான்" என்றார். அதன் பிறகு பேச்சு பார்க்கிங் பற்றிப் போனது. ஆனால் பலகையில் ஒரு துண்டும் மிஞ்சவில்லை. கிளம்பும்போது வக்கீல் தம்பியைத் தனியாக அழைத்து மசாலாவைக் கேட்டுப் போனில் குறித்துக்கொண்டார்.

அவர்கள் போன பிறகு என் கணவர் என்னோடு பேசவில்லை. மூன்று நாள். பாத்திரம் மட்டும் அவர்தான் கழுவினார், பெரிய பானையை இரண்டு தடவை. அது கோபமா மன்னிப்பா என்று நான் கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்து வக்கீல் வீட்டில் விருந்து. பங்சாரில், பதினெட்டாவது மாடியில். நடு மேசையில் வெள்ளைப் பீங்கானில் கறுப்பாக ஒரு இறைச்சி. குக்கரில் வைத்தது என்று வாசனையே சொன்னது. வக்கீல் எழுந்து நின்று அறிமுகப்படுத்தினார். பழைய தோட்டப்புற முறையாம். இப்போது யாருக்கும் தெரியாதாம். அவர் தேடி எடுத்து மீட்டாராம். சோம்பைக் கொஞ்சம் குறைத்து, கிச்சாப்பை ஜப்பான் சரக்காக மாற்றியிருக்கிறாராம். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். அவர் மனைவி என் பக்கம் சாய்ந்து, "நீங்க காப்பார்தானே? இந்த மாதிரியெல்லாம் உங்க பக்கம் சாப்பிட்டிருப்பீங்களே?" என்று கேட்டார்.

"சாப்பிட்டிருக்கோம்" என்றேன். "எங்க வீட்ல வாரத்துக்கு ஒரு தடவை." என் வாயால் அப்படிச் சொன்னது கல்யாணத்துக்குப் பிறகு அதுவே முதல் தடவை. என் கணவர் எதிரில்தான் இருந்தார். தட்டைப் பார்த்துக்கொண்டு மென்றுகொண்டிருந்தார். கறி வேகவில்லை, மூன்று விசிலில் இறக்கியிருப்பார் அந்த மனிதர், பொறுமை இல்லாமல்.

திரும்பும்போது ஃபெடரல் ஹைவேயில் நெரிசல். முன்னால் ஒரு லோரி நகர மறுத்தது. ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டிருந்தவர் திடீரென்று சொன்னார்: "அன்னைக்கு நீ வச்சதுதான் நல்லா இருந்துச்சு."

இருபத்தாறு வருஷத்தில் என் சமையலைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை. நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

"ஆனா கடைசில ஒரு அரை மணி நேரம் அறுபத்தஞ்சு டிகிரியில வச்சிருந்தா..." என்று அவர் ஆரம்பித்தார்.

நான் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.