ஒண்ணாம் நம்பர்

அம்பாசமுத்திரத்தில் நான் பாடம் நடத்திய கல்லூரிக்குக் கம்ப்யூட்டர் பார்க்க வந்தவர் அவர். ஒல்லியான ஆள். நின்றபடியேதான் தட்டுவார், குறிப்புகளை உள்ளங்கையில் எழுதிக்கொள்வார்.

அன்று, சர்வரில் நான் வைத்திருந்த வினாத்தாள் புது மெஷினில் எனக்கே திறக்கவில்லை. அலுவலகக் கண்காணிப்பாளருக்குத் திறந்தது! ஆத்திரத்தில் கத்திவிட்டேன்.

“ஃபைல்ல உங்க பேரு இருக்காது டீச்சர், பதிஞ்ச வரிசைப்படி ஆளுக்கொரு நம்பர்தான் இருக்கும்” என்றார் கம்ப்யூட்டர்காரர். “ சர்வர்ல ஒண்ணாம் நம்பர் நீங்க. புது மெஷின்கள்ல இவரு. வரிசையை யாரு மாத்துனது?”

“நாந்தான். சீனியாரிட்டிப்படி பதியச் சொன்னேன். அதுல என்னவே தப்பு?” என்றார் கண்காணிப்பாளர். “வேணும்னா எல்லாத்தையும் எல்லாருக்கும் திறந்து விட்டுரும்.”

“வினாத்தாளையுமா?” கம்ப்யூட்டர்காரர் குரலும் உயர்ந்தது.

மாலைவரை நின்றே எல்லா மெஷின்களிலும் எண்களைச் சர்வரோடு பொருத்தினார்.

“என் நம்பர் என்ன?” என்றார் கண்காணிப்பாளர்.

“பதினேழு, அண்ணாச்சி.”

“கடைசியா?”

“சர்வர்ல கடைசியாத்தானே பதிஞ்சிய?”

அந்தச் சீனியாரிட்டியை நினைத்தால் இன்றும் எனக்கு எரிகிறது. ஆனால் அந்தக் கம்ப்யூட்டர்காரர் பெயரை நானும் கேட்கவில்லை. என் செல்போனில் அவர் வெறும் நம்பராகத்தான் இருக்கிறார்.