பதினாறாவது தாள்

அருப்புக்கோட்டையில் எங்கள் நெசவுத் தெருவில், பங்குனிப் பொங்கலுக்குக் காகிதத்தில் புகைக்கூண்டு செய்து பறக்கவிடுவது என் அண்ணன்தான். அந்த வருடம் பொங்கலுக்கு முன்பே காய்ச்சலில் செத்துப்போனான். பாதியில் கிடந்த கூண்டில் பதினைந்து வண்ணத்தாள்கள் ஒட்டியிருந்தன. கடைசியான பதினாறாவதை நான் ஒட்டினேன். அது பறக்காமல் எனக்குச் சோறு இறங்காது போலிருந்தது.

தெரு முழுக்கப் பனையோலைக் கூரை. அப்பாவை நாங்கள் ஐயா என்போம். அவர் சம்மதிக்கவில்லை.

"திரி சாஞ்சா தெருவே போயிரும்."

நான் விடவில்லை. கடைசியில், கூண்டு சாய்ந்தால் ஈரச்சாக்கைப் போட்டு அமுக்கிவிடுவேன் என்று சொல்லித்தான் ஒப்புக்கொண்டார்.

விடியற்காலையில் ஆரம்பித்தோம். வெளிக்காற்று குளிர்ந்திருந்தால்தான் உள்ளே இருக்கும் சூட்டுக்காற்று கூண்டைத் தூக்கும். எங்கள் ஊரில் வெயில் ஏறிவிட்டால் அசையாது. அண்ணனின் கூட்டாளி ஏணியில் நின்று உச்சியைப் பிடித்துக்கொண்டான். நான் கூண்டின் வாயைச் சோளத்தட்டை நெருப்புக்கு மேலே காட்டினேன். தாள் உப்பியது. வாயில் மூங்கில் வளையம், அதன் குறுக்கே கம்பி, நடுவில் துணித்திரி. உலகச் சண்டை நடந்த காலம், மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை, இலுப்பெண்ணெயில் நனைத்திருந்தோம். பற்றவைத்ததும் கூண்டு சரிந்தது. நான் ஒட்டிய பக்கம்.

"ஏத்தா, இந்தத் தாள்ல என்னத்தத் தடவுன?" என்றான் கூட்டாளி ஏணியிலிருந்து.

"கஞ்சிதாண்ணே. பாவுக்குப் போடுற மாதிரி, தாள் பூராவும்."

"ஓரத்துல மட்டுந்தான தடவணும்! கூண்டு விடச் சொன்னா சேலை நெய்ஞ்சு வச்சிருக்கியே!"

நூல் விறைக்கக் கஞ்சி போட்டே பழகிய கை. அந்த ஒரு தாள் மட்டும் கனத்துவிட்டது. தீ அதை எட்டியது, ஓரம் பழுப்பானது. ஐயா சாக்கைத் தூக்கினார். நான் வளையத்தை நிமிர்த்திப் பிடித்தேன். விரல் சுட்டது.

"வேணாம்யா. மத்ததெல்லாம் அண்ணன் ஒட்டுனது."

சாக்கைத் தரையில் போட்டுவிட்டு அவர் உள்ளே போனார். தறியிலிருந்து, ஊடை நூல் சுற்றிய தார்க்குச்சி ஒன்றைக் கொண்டுவந்து வளையத்தின் எதிர்ப்பக்கம் கட்டினார். வளையம் மட்டமானது.

"கனம் கூடிருச்சு, நெருப்புல இன்னும் தட்டையப் போடு. அது கையப் பிடிச்சு இழுக்கணும். அதுவரைக்கும் விடாத."

இழுத்தது. விட்டேன்.

கூரை முகடுகளை உரசுகிற உயரத்தில்தான் போனது. ஒரு வீடு. இரண்டாவது வீடு. கடைசிக் கூரையைத் தாண்டியதும் விறுவிறுவென்று ஏறி, வறண்ட கண்மாய்க்கு மேலே புள்ளியானது.

"திரி அணஞ்சிருச்சு பெரியப்பா," என்றான் கூட்டாளி.

ஐயா சாக்கை எடுத்து உதறினார்.

"ஒரு குடம் தண்ணி வீணாப்போச்சு."

குரல் உடைந்திருந்தது. நான் முகத்தைப் பார்க்காமல் சாக்கை வாங்கி, மிச்ச ஈரத்தை முருங்கைக்குப் பிழிந்தேன்.