தவக்காலத்தில் கை மாறிய மைக்

முந்திரிக்கொட்டை வறுக்கிற புகை தொண்டையில் போய் உட்கார்ந்தால் லேசில் இறங்காது. அண்ணாகிராமத்தில் அப்பாவின் முந்திரிக் கொட்டகையில் அந்தப் புகையோடு மல்லுக்கட்டித்தான் நான் கத்தப் பழகினேன். பிளஸ் ஒன் படிக்கையில் மூன்று பேர் சேர்ந்து தொடங்கிய எங்கள் பங்க் ராக் பேண்டுக்குப் பெயர் கொடுத்தது அம்மாவின் வசவு: "எல்லாத்துக்கும் முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கிட்டு நிக்காதடி!" அதையே வைத்துவிட்டோம், "முந்திரிக்கொட்டை." கடலூரிலிருந்து பஸ்ஸில் வரும் செல்வம் கிடார், அந்தோணி டிரம்ஸ், நான் பாட்டு. பாட்டென்ன பாட்டு, கூச்சல்தான். ஆனால் மைக்கைப் பிடித்துவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது.

சிதம்பரத்தில் ஒரு கல்லூரி விழாவில் முதல் மேடை கிடைத்தது. அது தவக்காலத்தில் வந்து தொலைத்தது. அந்தோணி வீட்டில் ஈஸ்டர் வரைக்கும் ஆளுக்கொன்று, பிடித்ததை விட்டுவிடுவார்கள். அதற்கு "ஒறுத்தல்" என்று பெயர். மற்றவர்கள் கறியை விட்டார்கள், இந்தப் புண்ணியவான் டிரம்ஸை விட்டிருந்தான்.

"மாதாகிட்ட சொல்லிட்டேன் மச்சான், குச்சியத் தொடமாட்டேன்" என்றான்.

"பாடமாட்டேன்னு சொன்னியா?" என்று கேட்டான் செல்வம்.

"அது சொல்லலியே."

அவ்வளவுதான், என் மைக் அவன் கைக்குப் போனது, அவன் குச்சிகள் என் கைக்கு வந்தன. வயிறெரிய வயிறெரிய அடித்தேன். சிதம்பரத்துப் பிள்ளைகள் நாற்காலி மேல் ஏறி ஆடினார்கள். அந்த வருஷம் அந்தோணியைவிட நான்தான் ஈஸ்டருக்கு ஏங்கிக் கிடந்தேன். ஈஸ்டரும் வந்தது. அவன் டிரம்ஸில் உட்கார்ந்து, கோயில் பாட்டுக்கு அடிப்பதுபோல் பதவிசாக அடித்தான். பாதியில் நிறுத்திவிட்டு, "நீயே அடி, உன் அடியிலதான் கோவம் இருக்குது" என்று குச்சிகளை நீட்டினான். மைக் அவனிடமே தங்கிவிட்டது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

பிறகு செல்வம் வேலை கிடைத்து ஓசூர் போனான், அந்தோணி குவைத் போனான், அவர்களுக்குப் பதிலாகப் பாடவும் வாசிக்கவும் வந்தவர்களும் கல்யாணம், கோர்ட் வேலை என்று கழன்றுகொண்டார்கள். பாட ஆளில்லாத ஒவ்வொரு முறையும் நான் எழுந்து நிற்பேன், "அப்புறம் டிரம்ஸ் யாரு அடிக்கறது?" என்று உட்கார வைத்துவிடுவார்கள். கொட்டகை இருந்த இடத்தில் இன்று கல்யாண மண்டபம்; அந்தப் புகையும் போயிற்று. இப்போது எங்களுக்குப் பாடுகிறவள் அந்தோணியின் மகள் ரீட்டா.

இந்தத் தவக்காலத்தில் அவள் வந்து, "அத்தை, ஈஸ்டர் வரைக்கும் பாடறத விட்டுட்டேன்" என்றாள். அடியே, அப்பனை உரித்து வைத்தவளே! லீவில் வந்திருந்த அந்தோணி, "நான் இந்த வருஷம் கறியத்தான் விட்டிருக்கேன்" என்று தொப்பையைத் தடவியபடி குச்சிகளை எடுத்துக்கொண்டான்.

இன்னமும் பதவிசாகத்தான் அடிக்கிறான். அடித்துவிட்டுப் போகட்டும், மைக் என்னிடம் இருக்கிறது. ஈஸ்டர் இந்த வருஷம் கொஞ்சம் மெதுவாகவே வரட்டும்.