மண்டி என்று எழுதிய குழாய்

காலை 6.30. ஹனூரில் பஸ் ஏறினேன். கொள்ளேகால் வழியாக மைசூருக்கு எண்பத்தைந்து கிலோமீட்டர், அப்போது இருபத்திரண்டு ரூபாய். அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் ஈஸ்ட் ஆராய்ச்சி செய்யும் என் அக்கா மகள் தேவகி, ‘மாமா, என்னோட கனமான செல்லை வந்து பாருங்க’ என்று எழுதியிருந்தாள். ரொட்டியை உப்ப வைக்கும் அதே ஈஸ்ட்தான். உள்ளே செய்த புரதத்தைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி வெளியே தள்ளுமாம். இவள் தேடியது, தள்ள முடியாமல் போகும் ஈஸ்டை. சூடாக்கினால் அதற்கு வாசல் அடைத்துவிடும். பொட்டலங்கள் உள்ளேயே குவிந்து, செல் கனத்து, குழாயைச் சுழற்றினால் அடியில் போய் உட்காரும். எட்டு மாதம் தேடிப் பிடித்திருந்தாள்.

10.15. மண்டி மொஹல்லாவில் இறங்கினேன். “எங்க ஊர்ல காபி டம்ளர் அடியில தங்கறதுதாங்க மண்டி” என்றேன் ஆட்டோக்காரரிடம்.

“இங்க அதுலதான் சார் வியாபாரமே நடக்குது!”

அன்றைக்கு நான் கடைசியாகச் சிரித்தது அதற்குத்தான்.

10.40. தேவகி வாசலிலேயே நின்றாள். கண் வீங்கியிருந்தது.

“கொட்டிட்டாங்க மாமா.”

அடியில் தங்கிய செல்களைத் தனிக் குழாயில் வைத்து, மூடியில் தன் அடையாளத்துக்குத் தமிழில் ‘மண்டி’ என்று எழுதியிருக்கிறாள். அவளுடைய மேலதிகாரிக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. குழாய் கழுவும் பழனியம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். அந்தம்மாள் எழுத்துக் கூட்டி, “மண்டி, கசடு சார்” என்றிருக்கிறார். கசடுதானே என்று சார் தொட்டியில் ஊற்றிவிட்டார்.

அதுகூடப் போகட்டும். திங்கட்கிழமை ஆய்வுக்கூடத்தைச் சோதித்துப் பார்க்க மேலிடத்துக் குழு வருகிறது. ‘என் கவனக்குறைவால் பாழானது’ என்று பதிவேட்டில் இவள் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம்! போட்டால் இவள் இடம் போய்விடும். எனக்கு உச்சந்தலை வரை சுட்டது. தேவகியும் பின்னாலேயே வர, மேலதிகாரியின் அறைக்குள் போனேன்.

“எட்டு மாச உழைப்பை ஊத்தினது யாருங்க?”

“ஏன்ரீ, கசடுக்கு இவ்வளவு கலாட்டாவா? சின்ன விஷயம்” என்றார் அவர், கன்னட வாடைத் தமிழில்.

“சின்ன விஷயம்னா நீங்களே கையெழுத்துப் போடுங்களேன்!”

அவர் பதிவேட்டைத் தேவகி பக்கம் தள்ளினார்.

“மாமா, நீங்க சும்மா இருங்க” என்று தேவகி பதிவேட்டை இழுத்தாள். குழாயை யார் ஊற்றினார், எதற்கு ஊற்றினார் என்று இங்கிலீஷில் ஒரு தடவை, கன்னடத்தில் ஒரு தடவை எழுதினாள்.

“உங்களுக்குப் படிக்க வர்ற மாதிரி எழுதியிருக்கேன் சார்.”

மாலை 4.00. திரும்பும் பஸ் ஏறினேன். கொள்ளேகால் தாண்டியும் எனக்குக் கோபம் ஆறவில்லை. திங்கட்கிழமை என்ன ஆகுமோ, தெரியாது. போன எட்டு மாதத்தை எந்தக் குழு வந்து கொடுக்கும்? மறுபடி தேடப் போகிறாளாம். புதுக் குழாயிலும் ‘மண்டி’ என்றுதான் எழுதுவாளாம். படிக்கத் தெரியாதவர் அவளிடம் வந்து கேட்கட்டும்.